நான்காவது மூலை: ஒரு பிரேம் பட்டறை மைட்டர் கேஜை மாற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தஞ்சாவூரில் பிரேம் மட்டுமே செய்யும் சிறிய பட்டறை அது. உரிமையாளர் அறுபதைக் கடந்த தச்சர். அவருடைய தங்கை மகனும் வேலை பழகும் ஒரு இளைஞனும் உடன் இருக்கிறார்கள். தஞ்சாவூர் ஓவியம் வரைபவர்கள் முடித்த பலகைகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். 12க்கு 10 அங்குலத்திலிருந்து 4 அடிக்கு 3 அடி வரை எல்லா அளவும் வரும். அவற்றைச் சுற்றி வரும் தேக்குச் சட்டத்தை, அதாவது பீடிங்கை, இழைத்து, மூலைகளை 45 டிகிரியில் வெட்டி ஒட்டி, பாலிஷ் போட்டுத் தருவது இவர்கள் வேலை. ஆண்டில் சில முறை எண்கோணக் கண்ணாடி பிரேமுக்கும் ஆர்டர் வரும்.

பெரிய படத்துக்கான பீடிங் 75 மி.மீ. அகலம். சாயம் பூசாமல் மரத்தின் ரேகை தெரியும்படி பாலிஷ் போடுவதால் மூலையில் விழும் இடைவெளியை மறைக்க முடியாது. மக்கு வைத்து நிரப்பினால் அன்றைக்கு நிறம் ஒத்துப்போகும். ஆனால் தேக்கு வெளிச்சம் பட்டு நிறம் மாறும், மக்கு மாறாது. ஓராண்டில் அந்த இடம் தழும்புபோலத் தெரியும். இதைப் பெரியவர் அவமானமாகவே நினைத்தார். நான் அந்தப் பட்டறைக்குப் போகக் காரணமும் அதுதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை கை ரம்பத்தாலும் இழைப்புளியாலும் மூலை சேர்த்தவர்கள் அவர்கள். வேலை பெருகியதும் 10 அங்குல பிளேடு கொண்ட, தூக்கிச் செல்லக்கூடிய டேபிள் சா என்னும் மேசை ரம்பம் ஒன்றை வாங்கினார்கள். மரத்தைக் கோணத்தில் வைத்துத் தள்ள, அதனுடன் வந்த மைட்டர் கேஜையே பயன்படுத்தினார்கள்: மேசையில் உள்ள நீளப் பள்ளமான காடியில் ஓடும் ஒரு பட்டை, அதன்மேல் வேண்டிய கோணத்துக்குத் திருப்பும் தலை. முதல் ஆண்டு சிறிய பிரேம்களாகவே வந்ததால் குறை பெரிதாகத் தெரியவில்லை. பெரிய படங்கள் வரத் தொடங்கியபோதுதான் நான்காவது மூலை சேர மறுத்தது.

முதல் நாள் கண்டது

ஆடி மாதம், காற்று வறண்டிருந்த ஒரு காலை. எனக்காக ஒரு பிரேமைப் பசையில்லாமல் அடுக்கிக் காட்டினார்கள். மூன்று மூலைகளை இறுக்கிச் சேர்த்ததும் நான்காவதில் 3 மி.மீ.க்கு மேல் வாய் திறந்தது. முந்தைய நாள் வெட்டிய இன்னொரு பிரேமில் அதே மூலை 2 மி.மீ. மட்டுமே திறந்தது.

"மரம்தான் தம்பி. காற்று காய்ந்துவிட்டால் தேக்கும் சுருங்கத்தான் செய்யும்" என்றார் பெரியவர்.

அவர் சொன்னதில் தவறில்லை. மரம் அகலவாட்டில் சுருங்கும். நீளவாட்டில் ஏறக்குறைய சுருங்காது. அதனால் காய்ந்தால் 45 டிகிரியில் வெட்டிச் சேர்த்த மைட்டர் மூட்டு உள்மூலையில் வாய் பிளக்கும், ஈரம் ஏறினால் வெளிமூலையில் பிளக்கும். ஆனால் அந்தப் பிளவு நான்கு மூலைகளிலும் ஒரே மாதிரி, நாட்கள் கழித்து வரும். இங்கே வெட்டிய அன்றே, ஒரே மூலையில் மொத்தமாக வந்திருந்தது. அப்படியானால் பிழை வெட்டில்தான் இருக்கிறது. இதைச் சொன்னபோது அவர் உடனே ஏற்கவில்லை. பழைய பிரேம்களை எடுத்துவந்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்துப் பார்த்தார். பிறகு, "சரி, அளந்து பாருங்கள்" என்றார்.

அளப்பதற்கு முன்பே நிறுத்த வேண்டிய ஒன்று கண்ணில் பட்டது. எதிரெதிர்ச் சட்டங்கள் ஒரே நீளத்தில் வர வேண்டும் என்பதற்காக இளைஞன், நீளவாட்டில் கிழிக்கும்போது மரத்துக்கு வழிகாட்டும் ரிப் ஃபென்ஸையே தடுப்பாக வைத்து, மைட்டர் கேஜால் மரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தான். வெட்டி முடிந்ததும் துண்டு பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே சிக்கி நிற்கும். சற்றே கோணினால் பிளேடு அதைக் கவ்வித் திருப்பி எறியும். 254 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 4,800 சுற்று சுற்றினால் அதன் பல் நுனி நொடிக்கு 60 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அவன் நின்றிருந்தது நேராக அந்த வழியில். "தம்பி, இனி இப்படி ஒரு வெட்டுக்கூட வேண்டாம்" என்று சொல்லி இயந்திரத்தின் பிளக்கை நானே பிடுங்கினேன். புதிய கேஜ் வாங்கும் பேச்சு மூலை இடைவெளியிலிருந்து தொடங்கியது உண்மை. என் மனத்தில் அதற்கு முதல் காரணம் இதுதான்: நீளத் தடுப்பு கேஜின் மேலேயே இருக்க வேண்டும்.

அளவுகள்

முதலில் பிளேடும் காடியும் இணையாக இருக்கின்றனவா என்று பார்த்தோம். கேஜ் ஓடுவது மேசையில் உள்ள காடியில். காடிக்குப் பிளேடு இணையாக இல்லையென்றால் எந்த கேஜும் உதவாது. ஒரே பல்லில் குறி வைத்து, அதை முன்னும் பின்னும் கொண்டுவந்து அளந்ததில் 0.35 மி.மீ. வித்தியாசம். மேசைக்கு அடியில் பிளேடு பகுதியைத் தாங்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, தட்டித் தட்டி, 0.05 மி.மீ.க்குக் கொண்டுவந்தோம். அரை நாள் போனது. வீண் என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்தது காடியின் அகலம். மைட்டர் கேஜ்களுக்குப் பொதுவான அளவு முக்கால் அங்குலம், அதாவது 19.05 மி.மீ. அகலம், ஆழம் முக்கால் அங்குலத்தில் பாதி. இந்த ரம்பத்தின் இடது காடி இரு முனைகளிலும் 19.2, நடுவில் 19.3. வலது காடி 19.4. கேஜின் பட்டையோ 18.9. அதாவது இடது காடியிலேயே 0.3 முதல் 0.4 மி.மீ. வரை ஆட்டம்.

தாளின் கனம் சில மடங்கு, அவ்வளவுதானே என்று தோன்றும். பட்டையில் 300 மி.மீ. காடிக்குள் இருக்கும்போது அந்த 0.4 மி.மீ. ஆட்டம் கோணத்தில் 0.08 டிகிரிதான். ஆனால் அகலமான பீடிங்கை 45 டிகிரியில் வெட்ட கேஜைப் பின்னால் இழுத்துத் தொடங்க வேண்டியிருக்கிறது. அப்போது பட்டையில் 100 மி.மீ.தான் காடிக்குள் இருக்கும். அதே ஆட்டம் 0.23 டிகிரி ஆகிவிடுகிறது. தள்ளும் கை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் பிழை போகும். காலையில் ஒரு கோணம், களைத்த மாலையில் வேறு கோணம்.

பிறகு, கேஜ் சரியாக 90 டிகிரியில் வெட்டுகிறதா என்று பார்க்க ஐந்து வெட்டுச் சோதனை செய்தோம். 400 மி.மீ. சதுரப் பலகையின் நான்கு பக்கங்களையும், வெட்டிய பக்கத்தை கேஜில் சாய்த்துச் சாய்த்து வரிசையாக வெட்டி, ஐந்தாவதாக முதல் பக்கத்திலேயே ஒரு பட்டையை வெட்டி எடுப்பது. அந்தப் பட்டையின் இரு முனை அகலங்களின் வித்தியாசத்தை 4ஆல் வகுத்தால் 400 மி.மீ.க்கு எவ்வளவு கோணல் என்று கிடைக்கும். மூன்று முறை செய்ததில் வித்தியாசம் 6.4, 4.1, 7.0 மி.மீ. என்று வந்தது. கோணத்தில் 0.23, 0.15, 0.25 டிகிரி.

இந்த ஆய்வில் நான் முக்கியமாகக் கருதுவது இந்த மூன்று எண்களும் ஒன்றுபோல இல்லை என்பதை. மூன்று முறையும் 0.23 வந்திருந்தால் கேஜின் தலையைச் சற்றே திருப்பி இறுக்கி முடித்திருப்போம். நிலையான பிழையைத் திருத்தலாம். நிலையில்லாத பிழையை எந்தப் பக்கம் திருத்துவது? பெரியவர் இரண்டு ஆண்டுகளாக கேஜைத் திருப்பித் திருப்பித் திருத்தியும் பலிக்காமல் போனதற்கு விடை இதில் இருந்தது. அவர் கையில் குறையில்லை.

கேஜின் கோணக் குறிகளும் இதற்கு மேல் உதவுவதாக இல்லை. குறிவட்டத்தின் ஆரம் சுமார் 50 மி.மீ. அங்கே ஒரு டிகிரி என்பது 0.9 மி.மீ.தான். கோட்டின் தடிமனே அதில் மூன்றில் ஒரு பங்கு. எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் கால் டிகிரிக்குக் கீழே படிக்க இயலாது.

கால் டிகிரி என்ன செய்யும் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு பிரேமுக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றும் கால் டிகிரி ஒரே திசையில் பிழைத்தால் கடைசி மூலையில் 2 டிகிரி சேர்ந்துவிடும். 75 மி.மீ. பீடிங்கில் மைட்டர் முகத்தின் நீளம் 106 மி.மீ. அதில் 2 டிகிரி என்றால் 3.7 மி.மீ. வாய். அன்று காலை நாங்கள் கண்ணால் பார்த்ததும் அதை ஒட்டிய அளவுதான்.

கையில் இருந்ததைச் சரிசெய்தது

பட்டையின் பக்கவாட்டில் சென்டர் பஞ்ச் என்னும் கூர்முனைக் கருவியால் வரிசையாகக் குத்தினோம். குத்திய இடத்தைச் சுற்றி உலோகம் சற்றே மேடாகி ஆட்டம் குறையும். பலன் உடனே தெரிந்தது. ஐந்து வெட்டுச் சோதனையில் வித்தியாசம் 2.2, 2.4 என்று வந்தது. எண் நின்றது, பிறகு தலையைத் திருத்தியதும் பிழையும் குறைந்தது. அந்த வாரம் போன இரண்டு பிரேம்களுக்கு மக்கு தேவைப்படவில்லை.

மூன்று வாரம் கழித்து மருமகன் தொலைபேசியில் அழைத்தார். காடிக்குள் கறுப்புத் தூள் சேர்கிறது என்றார். மேசை அலுமினியம், பட்டை எஃகு. மேடான புள்ளிகள் காடியின் சுவரையே அராவிக்கொண்டிருந்தன. இது என் தவறு. வார்ப்பிரும்பு மேசையில் செய்து பழகிய வேலையை அலுமினியத்தில் யோசிக்காமல் செய்துவிட்டேன். காடி மேலும் அகன்றுவிடும் முன் நிறுத்தி, புள்ளிகளை அரத்தால் தேய்த்துச் சமப்படுத்தினோம். புதிய கேஜ் வாங்குவது என்று அன்றுதான் உறுதியானது.

முதல் கொள்முதல்

மருமகன் இணையத்தில் ஒன்றைத் தேர்ந்து வாங்கிவிட்டார். மரம் சாய்ந்து நிற்க நீளமான அலுமினிய ஃபென்ஸ், மேலே நகரும் தடுப்பு, பட்டையின் ஆட்டத்தைக் குறைக்கப் பக்கவாட்டில் நான்கு திருகுகள். விலையும் அதிகமில்லை. படத்தில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பட்டையின் முனையில் ஒரு வட்ட வாஷர் இருந்தது. அடியில் அகன்ற டி வடிவக் காடிக்கானது. நம் காடி நேரானது என்பதால் உள்ளே போகவில்லை. ஒரு திருகைக் கழற்றியதும் வாஷர் வந்துவிட்டது. பக்கத் திருகுகளை இறுக்கியதும் ஆட்டமும் நின்றது. ஆனால் கோணம் நிற்கவில்லை. காரணத்தைத் தேட ஒரு மாலை முழுதும் ஆனது. தலையில் 45 டிகிரி நிலையைப் பிடிப்பது வட்டத் துளைக்குள் இறங்கும் ஒரு ஊசி. ஊசி இறங்க வேண்டுமானால் துளை அதைவிடப் பெரிதாக இருந்தே ஆக வேண்டும். 60 மி.மீ. ஆரத்தில் 0.2 மி.மீ. இடம் விட்டாலே 0.19 டிகிரி ஆட்டம். காடியில் துரத்திய அதே ஆட்டம் தலையில் போய் உட்கார்ந்திருந்தது. பத்து நாள் கெடுவுக்குள் திருப்பி அனுப்பினோம். நல்ல வேளையாகப் பெட்டியைக் கிழிக்காமல் வைத்திருந்தார்கள்.

இரண்டாவது தேர்வு

இந்த முறை மூவரும் உட்கார்ந்து, எதைக் கேட்கிறோம் என்று முதலில் தாளில் எழுதினோம். முதலில் பட்டை: 19.2 முதல் 19.3 வரையுள்ள காடியை நிரப்பும்படி நீளம் நெடுகப் பல இடங்களில் விரிக்கக்கூடியதாக, காடியை அராவாததாக இருக்க வேண்டும். அடுத்தது கோணப் பிடி: ஊசியும் துளையும் வேண்டாம். விளிம்பில் வெட்டிய வி வடிவப் பள்ளத்தில் ஆப்புபோல இறங்கும் நாக்கு வேண்டும். வி பள்ளத்தில் நாக்கு இரு பக்கச் சுவர்களையும் ஒருசேரத் தொட்டு நிற்பதால் இடைவெளிக்கு இடமில்லை. 45, எண்கோணத்துக்கான 22.5 இரண்டும் இருபுறமும் இருக்க வேண்டும். ஃபென்ஸும் தடுப்பும் அதற்குப் பிறகுதான். கடைக்காரர்கள் முதலில் காட்டுவது ஃபென்ஸைத்தான். அதன் பளபளப்பில் நாமும் பட்டையைப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

அமெரிக்கத் தயாரிப்புகளில் இன்க்ரா வி27 இந்த வி பள்ள முறையில் 5 டிகிரிக்கு ஒன்றாகவும் 22.5க்குத் தனியாகவும் மொத்தம் 27 நிலைகள் தருகிறது. கிரெக் கேஜில் சில நிலையான கோணங்களோடு, டிகிரியின் பின்னங்களைப் படிக்க உதவும் வெர்னியர் அளவும் இருக்கிறது. இடைப்பட்ட கோணங்கள் அடிக்கடி தேவைப்படுவோருக்கு அது பொருந்தும். இவர்களுக்குத் தேவை இரண்டே கோணங்கள், ஆனால் நூற்றுக்கணக்கான முறை. எனவே வி பள்ள வகை கேஜ் ஒன்றை வாங்குவதென்று முடிவு செய்தோம். ரம்பத்தின் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆனது. பெரியவர் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, "மக்கு பூசிய பிரேமைக் கையில் கொடுக்கும்போது படும் கூச்சத்துக்கு இது பரவாயில்லை" என்றார்.

ப்ளைவுட்டில் 45 டிகிரி ஸ்லெட், அதாவது மரத்தைத் தாங்கிக் காடியில் ஓடும் பலகை, செய்யலாமே என்ற யோசனையும் வந்தது. இரண்டு ஃபென்ஸ்களைத் தங்களுக்குள் சரியாக 90 டிகிரியில் பொருத்திவிட்டால், இடதில் 45.1 வந்தால் வலதில் 44.9 வரும், கூட்டினால் 90 ஆகிவிடும். அழகான உத்தி. ஆனால் 4 அடிச் சட்டத்தை அந்தச் சிறிய மேசையில் ஸ்லெட்டோடு சேர்த்துத் தள்ளுவது கடினம். எண்கோணத்துக்கும் அது உதவாது. ஒத்திவைத்தோம்.

பொருத்திய நாள்

பட்டையை விரிக்கும்போது காடியின் குறுகலான 19.2 பகுதிக்கு ஏற்ப வைத்தோம். நடுவில் 0.1 மி.மீ. ஆட்டம் மிஞ்சியது. அதை விட்டுவிட்டோம். நடுப்பகுதிக்கு ஏற்ப விரித்திருந்தால் முனைகளில் சிக்கியிருக்கும்.

ஐந்து வெட்டுச் சோதனையில் நான்காவது திருத்தத்துக்குப் பிறகு வித்தியாசம் 0.3 மி.மீ.க்கு வந்தது. கோணத்தில் 0.011 டிகிரி. பிறகு கழிவு மரத்தில் எட்டு வெட்டும் வெட்டி ஒரு பிரேம் அடுக்கினோம். நான்காவது மூலையில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் 0.2 மி.மீ. தகடு நுழைந்தது, 0.25 நுழையவில்லை. ஒரு வெட்டுக்கு 0.014 டிகிரிதான் பிழை. பெரியவர் அந்த மூலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

இரண்டு விஷயங்களை அன்றே பிடித்தோம். கேஜை மறுபக்கம் 45க்குத் திருப்பியபோது அலுமினிய ஃபென்ஸின் முனை பிளேடின் பாதைக்குள் வந்துவிட்டது. மின்சாரத்தைத் துண்டித்து, பிளேடைக் கையால் சுற்றிப் பார்க்கும் வழக்கத்தால் தப்பித்தோம். ஃபென்ஸைப் பின்னுக்குத் தள்ளி, முன்னால் ப்ளைவுட் முகம் ஒன்றைப் பொருத்தினோம். பிளேடு வெட்டினால் அதைத்தான் வெட்டும். வெட்டின் பின்விளிம்பில் மரம் பிய்வதும் அதனால் குறைந்தது. இரண்டாவது, 45 டிகிரியில் பிளேடு மரத்தைப் பக்கவாட்டில் இழுக்கிறது. கையில் உணர முடியாத அளவுக்கு நழுவி நீளம் மாறுகிறது. ப்ளைவுட் முகத்தில் 120ஆம் எண் உப்புத்தாளை ஒட்டியதும் அது நின்றது.

நீளத் தடுப்பு இப்போது கேஜின் ஃபென்ஸில் இருக்கிறது. ரிப் ஃபென்ஸைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டுத்தான் குறுக்கு வெட்டு தொடங்க வேண்டும் என்று இளைஞனிடம் சொன்னேன். அவன் அதைச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியும் வைத்தான்.

அதன் பிறகு

ஆவணி முதல் ஐப்பசி வரை போன பிரேம்கள் எதற்கும் மூலையில் மக்கு வைக்கவில்லை என்று மருமகன் குறித்து வைத்திருக்கிறார். ஓர் எண்கோணக் கண்ணாடி பிரேமும் செய்தார்கள். பதினாறு வெட்டு. கடைசி மூட்டில் மயிரிழை தெரிந்தது, கிளாம்ப் இறுக்கியதும் மறைந்தது.

கார்த்திகையில் தொடர் மழைக்குப் பிறகு இரண்டு பெரிய பிரேம்கள் திரும்பி வந்தன. நான்கு மூலைகளிலும் வெளிப்பக்கம் மெல்லிய பிளவு, ஒரே அளவில். "இப்போது சொல்லுங்கள், இது மரமா கருவியா?" என்று பெரியவர் கேட்டார். மரம்தான். ஆடியில் அவர் சொன்னது அப்போது பொருந்தவில்லை, இப்போது பொருந்தியது. வெட்டு துல்லியமாகிவிட்டதால்தான் மரத்தின் அசைவை அதனிடமிருந்து பிரித்துப் பார்க்க முடிந்தது. பசை மட்டும் போதாது என்று முடிவாகி, பெரிய பிரேம்களின் மூலைகளில் குறுக்காகக் காடி இழைத்துத் தேக்கு நாக்கு செருகத் தொடங்கியிருக்கிறார்கள்.

மறுபடி செய்வதானால்

எதையும் வாங்குவதற்கு முன், வெர்னியர் காலிப்பரால் இரண்டு காடிகளையும் மூன்று மூன்று இடங்களில் அளந்திருப்பேன். தேவையையும் முதலிலேயே எழுதியிருந்தால் முதல் கொள்முதலின் அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அலுமினிய மேசையில் பஞ்ச் வைத்திருக்கமாட்டேன். பட்டையின் பக்கத்தில் மெல்லிய ஒட்டுநாடா போதுமானதாக இருந்திருக்கும்.

பிளேடை முன்பே மாற்றியிருக்க வேண்டும். நீளவாட்டில் கிழிக்க வைத்திருந்த 24 பல் பிளேடிலேயே முதல் சோதனைகளைச் செய்தோம். 60 பல் பிளேடு போட்ட பிறகுதான் வெட்டு முகம் உப்புத்தாள் கேட்காமல் சேர்ந்தது. அந்த மாற்றத்தின் பங்கு எவ்வளவு, கேஜின் பங்கு எவ்வளவு என்பதை இப்போது பிரிக்க முடியவில்லை. ஒவ்வொன்றாக மாற்றி ஒவ்வொரு முறையும் அளந்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஒத்திவைத்த ஸ்லெட்டை மார்கழியில் செய்துவிட்டோம், 18 அங்குலத்துக்கு உட்பட்ட பிரேம்களுக்காக. சிறிய அளவு மட்டுமே செய்யும் பட்டறையாக இருந்திருந்தால் அதையே முதலில் செய்யச் சொல்லியிருப்பேன், கேஜுக்குச் செலவே வேண்டியதில்லை. புதிய கேஜ் பெரிய பிரேமுக்கும் எண்கோணத்துக்கும் என்று பிரிந்துவிட்டது. பழைய கேஜ் இன்னும் இருக்கிறது, நீளக் கட்டைகளை உத்தேசமாகத் துண்டு போட. அதன் தலையில் பெரியவர் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறார், யாரும் மறந்துபோய் அதைக்கொண்டு மூலை வெட்டிவிடக் கூடாது என்று.